பிராய்லர் கோழியும் பிட்யூட்டரிக் கட்டியும்

மூளையின் அடிப்பக்கம், மூக்கின் உட்கூரைக்குப் பின்னால் இருக்கும் ஓர் எலும்புக் குழிக்குள் பட்டாணி அளவில் அமர்ந்திருப்பது பிட்யூட்டரி சுரப்பி. எடை அரை கிராம் அளவுதான். பிள்ளை எவ்வளவு வளர வேண்டும், எப்போது வயதுக்கு வர வேண்டும், தைராய்டும் அட்ரீனலும் எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதெல்லாம் இதன் ஏவலில் நடக்கின்றன. சில நேரம் இதன் செல்கள் பெருகிக் கட்டியாகி, தங்கள் ஹார்மோனை அளவில்லாமல் கொட்டத் தொடங்கும். இந்தக் கட்டி பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக மிக அரிது. பிள்ளைகளிடம் கட்டி வருவதே அரிது; அறுவை சிகிச்சைக்கு வரும் பிட்யூட்டரிக் கட்டிகளில் நூற்றுக்கு 2 முதல் 6 வரைதான் சிறாருக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் உரியவை. அரிய நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமானால் யாரையும் குறை சொல்ல முடியாது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பிள்ளையின் உடம்பில் எது மாறினாலும் மருத்துவருக்கு முன்பே விடை தயாராக இருக்கிறது என்பதுதான் வேறு விஷயம். அந்த விடை, பிராய்லர் கோழி.

அண்மையில் அங்கே கைபேசிகளில் மறுபடி சுற்றத் தொடங்கியிருக்கும் குரல்பதிவும் இதையேதான் சொல்கிறது. பேசுபவருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, நம்பிக்கை மட்டும் ஏராளம். கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாம். அதனால்தான் பெண் பிள்ளைகள் எட்டு ஒன்பது வயதில் பெரியவளாகிறார்களாம். வயதுக்கு வராமல் நிற்பதும் அதனால்தானாம். குண்டாவதும், மீசை அரும்புவதும், மாதவிடாய் தவறுவதும், திடீரென உயர்வதும் அதே கோழியால்தானாம். முந்துவதற்கும் பிந்துவதற்கும் ஒரே காரணத்தைச் சொல்லும் துணிச்சல் சோதிடருக்குக்கூட வராது.

வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். வாய்வழி உள்ளே போனால் பருப்பைப் போலச் செரித்துவிடும். இன்சுலினும் புரதம்தான்; அதனால்தான் சர்க்கரை நோயாளி அதை ஊசியில் ஏற்றிக்கொள்கிறார். வீட்டில் தாத்தாவுக்குத் தினமும் இன்சுலின் போட்டுவிடும் குடும்பமே, கோழிக் குழம்பு வழியாகப் பேத்திக்கு ஹார்மோன் ஏறுகிறது என்று நம்புகிறது. ஐயாயிரம் குஞ்சு உள்ள கொட்டகையில் ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போடக் கூலியாள் வைத்தால், கம்பெனி தரும் வளர்ப்புக் கூலியில் பண்ணையாளருக்கு எதுவும் மிஞ்சாது. வெளியார் பார்த்து ‘ஊசி’ என்று கிளப்பிவிடுவது பெரும்பாலும் தடுப்பு மருந்தைத்தான். வெள்ளைக் கழிச்சலுக்குக் கண்ணில் ஒரு சொட்டு, வேறு நோய்க்குக் குடிதண்ணீரில் மருந்து, அவ்வளவுதான். கோழி இத்தனை வேகமாக வளர்வதற்குக் காரணம் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனமும் தீவனமும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் இனங்களை ஒரே தீவனத்தில் வளர்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 56ஆம் நாளில் முதல் இனம் 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். ஓசூர் மத்திகிரியில் கோழி வளர்ப்புக்கென்றே அரசுக் கல்லூரி ஒன்று இருக்கிறது. குரல்பதிவை அனுப்புவதற்குமுன் அங்கே போய் ஒரு வார்த்தை கேட்கலாம். கோழிப் பண்ணையில் கவலைப்பட வேண்டிய விஷயம் உண்மையிலேயே இருக்கிறது. அது ஆன்டிபயாடிக். கடைசி ஆயுதமாக மருத்துவமனைகள் காத்துவைத்திருக்கும் கோலிஸ்டினைக் கால்நடைத் தீவனத்தில் கலக்க இந்தியா 2019இல்தான் தடை விதித்தது. அதைப் பற்றிக் குரல்பதிவு ஏதும் வந்ததாகத் தெரியவில்லை.

வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டும் கட்டி, எலும்பு முனைகள் மூடுமுன் வந்தால் பிள்ளை நிற்காமல் உயரும். மூடிய பின் வந்தால் கை, கால், தாடை தடிக்கும். இதற்கு உலகறிந்த சாட்சி சார்லஸ் பைர்ன். 1761இல் வட அயர்லாந்துப் பகுதியில் பிறந்தவர். ஏழரை அடியைத் தாண்டிய உயரத்தைக் காட்சிப்பொருளாக்கிப் பிழைக்க லண்டனுக்கு வந்து, 1783இல் 22 வயதில் இறந்தார். கடலில் அடக்கம் செய்யச் சொன்ன அவர் உடலை ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் பணம் கொடுத்துக் கைப்பற்றினார். அந்த எலும்புக்கூட்டின் மண்டையோட்டை 1909இல் நரம்பு அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் திறந்து பார்த்தபோது பிட்யூட்டரிக் குழி விரிந்திருந்தது. 2011இல் பற்களிலிருந்து எடுத்த டிஎன்ஏவில் ஏஐபி என்ற மரபணுவின் பிழை தெரிந்தது. அதே பிழை இன்றும் வட அயர்லாந்துக் குடும்பங்கள் சிலவற்றில் இருக்கிறது. பைர்ன் பிராய்லர் கோழியைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தக் கோழி பிறக்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அவருடைய ஊராரிடமும் காரணம் தயாராக இருந்தது: உயரமான வைக்கோற்போரின் மேல் கருவானதால்தான் பிள்ளை இப்படி வளர்ந்தானாம். அங்கே வைக்கோற்போர், இங்கே பிராய்லர்.

பிட்யூட்டரியால் ராட்சத உயரம் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இத்தகைய மரபணுக் காரணம் இப்போது கண்டறியப்படுகிறது. ஒரு வகை, பிள்ளைக்கு ஒரு வயது நிரம்புமுன்பே தொடங்கிவிடும். 2014இல்தான் அதன் மூலம் தெரியவந்தது. கைக்குழந்தைக்கு எந்தக் கடைக்காரர் லெக் பீஸ் கொடுத்தார் என்பதைக் குரல்பதிவுக்காரர்தான் சொல்ல வேண்டும். நடைமுறையில் உயரம் வீட்டுக்குப் பெருமை. வாலிபால் அணியில் இடம், போலீஸ் வேலைக் கனவு. வகுப்பில் எல்லோரையும் தாண்டி, தாய் தந்தையின் அளவையும் மீறி ஒரு பிள்ளை உயர்ந்தால் ஐஜிஎஃப்-1 ரத்தப் பரிசோதனையும், குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து வளர்ச்சி ஹார்மோன் அடங்குகிறதா என்று பார்க்கும் சோதனையும் தேவை.

சிறு வயதில் அதிகம் வருவது ஏசிடிஎச் சுரக்கும் கட்டி. அது அட்ரீனலைத் தூண்டிக் கார்டிசாலைப் பெருக்கும். குஷிங் நோய் என்பது இதுதான். முகம் உருண்டு சிவக்கும், வயிறு பெருக்கும், ஊதா வரிகள் விழும், ரத்த அழுத்தம் ஏறும். ‘நல்லா சாப்பிடுறான்’ என்று வீடு மகிழும். இல்லையென்றால் கோழியைத் திட்டும். தின்று குண்டாகும் பிள்ளை சாதாரணமாக உயரத்திலும் முந்தும். குஷிங் நோயில் எடை ஏறும், உயரம் நின்றுவிடும். பள்ளிப் பதிவேட்டில் இரண்டு வருட உயரத்தையும் எடையையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும். பல பள்ளிகளில் அந்தக் கட்டங்களைச் சென்ற ஆண்டின் எண்ணைப் பார்த்து நிரப்புவது தனிக் கதை.

இந்த முகத்துக்குக் கட்டியைவிடப் பல மடங்கு அதிகமான காரணம், கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்து. வீசிங்குக்கு வாங்கிய மாத்திரை, உடம்பு தேறக் கொடுத்த பெயரில்லாப் பொடி, சிவப்பாக்கும் களிம்பு என்று பல வழியில் அது வீட்டுக்குள் வருகிறது. சீட்டு கேட்காமல் பீட்டாமெத்தசோனை எடுத்து நீட்டும் கடை எந்தத் தெருவிலும் உண்டு. கோழியில் இல்லாத ஹார்மோனுக்குப் பயந்து நாட்டுக்கோழிக்கு இரட்டை விலை கொடுக்கும் வீடு, கையில் பிடித்திருக்கும் ஹார்மோனுக்குப் பயப்படுவதில்லை.

பருவ வயதையொட்டியும் அதற்குப் பிறகும் முதலிடம் புரோலாக்டின் கட்டிக்கு. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் அல்லது தொடங்காது. குழந்தை பெறாமலே மார்பில் பால் கசியும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கம்பெனி ஹாஸ்டலில் தங்கி ஷிப்டுக்குப் போகும் பெண்ணுக்கு இது நேர்ந்தால் மூன்று தீர்ப்பு வரும்: நைட் ஷிப்ட், ஹாஸ்டல் கோழி, நீர்க்கட்டி. மூன்றாவதற்கு ஸ்கேனும் எடுத்துவிடுவார்கள். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் புரோலாக்டின் தெரிந்துவிடும், அதை மட்டும் கேட்க மாட்டார்கள். பால் கசிவதை அந்தப் பெண் தாயிடம்கூடச் சொல்ல மாட்டாள், ஏனென்றால் சந்தேகம் முதலில் அவள் ஒழுக்கத்தின் மேல்தான் விழும். பையன்களுக்குப் பருவ மாற்றம் தள்ளிப்போகும், கட்டியும் பெரிதாக இருக்கும். அது பார்வை நரம்பை அழுத்தும்போது இரு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை மங்கும். கதவு நிலையில் இடித்துக்கொள்ளும் பையனுக்குக் கிடைப்பது ‘செல்போனைக் கீழே வை’ என்ற அறிவுரை.

தைராய்டைத் தூண்டும் கட்டி மிக அரிது. அதற்கு நேர்மாறான நிலையில், தைராய்டுக் குறைவு நீண்டகாலம் கவனிக்கப்படாவிட்டால் பிட்யூட்டரியே வீங்கி எம்ஆர்ஐயில் கட்டி போலத் தெரியும். தைராக்சின் மாத்திரையிலேயே வற்றிவிடும்.

சீக்கிரம் வயதுக்கு வருவதற்கு இந்தக் கட்டிகள் காரணமாவது அபூர்வம். அவை பெரும்பாலும் பருவத்தைத் தள்ளிப்போடுகின்றன அல்லது நிறுத்துகின்றன. கடந்த தலைமுறையைவிட இன்றைய பிள்ளைகளுக்கு நன்றாகச் சோறு கிடைக்கிறது, உடம்பில் கொழுப்பு சேர்கிறது, பூப்பும் முந்துகிறது. எட்டு வயதுக்குமுன் மார்பு வளர்ந்தால் பரிசோதனை வேண்டும். அந்தச் செலவு ஃப்ளெக்ஸ் பேனரோடு நடக்கும் மஞ்சள் நீராட்டு விழாவில் பந்தலுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

சிகிச்சை தொலைவில் இல்லை. ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அத்திப்பள்ளியைத் தாண்டி ஆயிரக்கணக்கானோர் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து நெடுஞ்சாலையில் நேராகப் போனால் வேலூர். அங்கே சிஎம்சி மருத்துவமனையில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியதே நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறை. புரோலாக்டின் கட்டியில் பெரும்பாலானவற்றுக்குக் கத்தியே வேண்டாம். கேபர்கோலின் மாத்திரையில் சுருங்கும். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் மூக்கு வழியாக அறுவை சிகிச்சை, மண்டையைத் திறப்பதில்லை.

குஷிங் கட்டியை எடுத்தபின் உடல் தானாகக் கார்டிசால் சுரக்கப் பல மாதங்கள் ஆகும். அதுவரை ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை தினமும் வேண்டும். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். இதைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். பக்கத்து வீட்டார் அட்டையைப் படித்து ‘ஐயோ, ஸ்டீராய்டு’ என்று நிறுத்தச் சொல்லி, நாட்டுக்கோழி சூப்பை நீட்டுவதும் சரியாக அப்போதுதான்.