திங்கட்கிழமை வயிற்றுவலி

திங்கட்கிழமை காலை ஏழு மணி ஆனால் எங்கள் வீட்டில் ஒருவருக்கு வயிற்றுவலி வந்துவிடும். எனக்கில்லை. எனக்கு வந்தால் அதற்குப் பெயர் கேஷுவல் லீவ். வருவது, மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு. ஓமத் தண்ணீர் கொடுத்தாயிற்று, பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று, பாட்டி மிளகாய் சுற்றிப் போட்டு வேப்பம்பட்டையே தும்ம வைத்தாயிற்று. ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டதும் வலி உச்சத்துக்குப் போகும். சனிக்கிழமை பூரண குணம்.

பள்ளிக்கூடம் இங்கிலீஷ் மீடியம். பெயர் வேண்டாம், மூன்றாவது டெர்ம் ஃபீஸ் இன்னும் கட்டவில்லை.

பக்கத்து வீட்டுப் பொடியனும் மூன்றாம் வகுப்புதான். அரசாங்கப் பள்ளி. அவன் எட்டு மணிக்கே பையை மாட்டிக்கொண்டு ஓடுகிறான். ஒரு நாள் மடக்கினேன்.

"எதுக்குடா இவ்வளவு அவசரம்?"

"இன்னிக்குப் பொங்கல் அங்கிள்!"

ஜனவரிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று காலண்டரைப் பார்த்த மக்கு நான்தான். பையன் சொன்னது வெண்பொங்கல். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023-ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாளன்று கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் நீட்டினார்கள். அந்த விழா நடந்தது நம்ம திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில்தான். நான் அப்போது திருவள்ளூர் லோக்கலில் ஒற்றைக் காலில் நின்று தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

சரி, பொங்கலுக்காக எட்டு மணிக்கு ஓடுகிறான். சாயங்காலமும் சிரித்துக்கொண்டே வருகிறானே, அதற்கு என்ன காரணம்? வயிறு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

போன மாதம் எனக்கு 'வயிற்றுவலி' வந்த ஒரு நாள், பொடியனின் அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். "அண்ணா, காக்களூர் எஸ்டேட்ல எனக்கு முதல் ஷிஃப்ட்டு. பையனைக் கொஞ்சம் ஸ்கூல்ல விட்டுடறீங்களா?"

விட்டேன். விட்டதும் திரும்பியிருக்கலாம். வகுப்பு வாசலில் வேடிக்கை பார்த்தபடி நின்றுவிட்டேன். நாற்காலி காலியாக இருந்தது. டீச்சரைக் காணோம். தேடினால், பாயில் குழந்தைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்! கையில் துணிப் பொம்மை. பொம்மைதான் கூட்டல் கணக்குக் கேட்கிறது. தப்பாகச் சொன்ன பெண்ணைப் பார்த்து, "அட, எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. வா, எண்ணிப் பார்ப்போம்" என்கிறது. எண்ணினார்கள். சரியாக வந்தது. நான் படித்த காலத்தில் என் தப்புக்குப் பதில் சொன்னது பொம்மை இல்லை, பிரம்பு.

என் வாயைப் பார்த்துவிட்டுப் பெரிய டீச்சர் விளக்கம் சொன்னார். இப்போது நடப்பது 'எண்ணும் எழுத்தும்'. 2022 ஜூனில் இதே மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில் தொடங்கிய திட்டம். கொரோனாவில் விட்டுப்போனதைப் பிடிக்க, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் இருக்கிற இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். ஆடு, பாடு, கதை சொல்லு.

"இதெல்லாம் புதுசா மேடம்?"

"இதுக்கு முன்னாடி ஏணி இருந்துச்சு சார்" என்று சிரித்தார்.

அந்த ஏணியின் கதை: ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலி என்ற இடத்தில், கிராமத்துப் பிள்ளைகளுக்காக அட்டைகளை வைத்தே பாடம் நடத்தும் முறையை உருவாக்கியிருந்தார்கள். 2003 வாக்கில் சென்னை மாநகராட்சி கமிஷனராக இருந்த எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். அதை மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். பெயர், செயல்வழிக் கற்றல். 2007-08-ல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போயிற்று. பாடத்தைப் படி படியாக ஏணியில் வரைந்துவிட்டார்கள். ஒரு வாரம் லீவு போட்ட பிள்ளை, விட்ட படியிலிருந்தே ஏறலாம். சுவரில் குழந்தைகளின் உயரத்துக்குக் கரும்பலகை. எழுதியதையும் வரைந்ததையும் தொங்கவிடக் கம்பிப் பந்தல். பல் தேய்த்தாயா, நகம் வெட்டினாயா என்று தாங்களே பார்த்துக்கொள்ள ஆரோக்கியச் சக்கரம். குழுக்களில்கூட ஆசிரியர் முழுசாக உதவும் குழு, பாதி உதவும் குழு, கூடப் படிப்பவர் உதவும் குழு, தானே செய்யும் குழு என்று பிரிவு.

குறை சொன்னவர்களும் உண்டு. அட்டை தொலைகிறது, ஒரே ஆசிரியர் எத்தனை குழுவைப் பார்ப்பது என்றார்கள். நியாயமான கேள்விகள்தான்.

ஆனால் எனக்கு அந்தக் குழுக்களைக் கேட்டதும் ஆபீஸ் ஞாபகம்தான் வந்தது. எங்கள் செக்‌ஷனில் பதினொரு பேர். எல்லோரும் 'தானே செய்யும் குழு' என்று பாவனை. உண்மையில் எக்ஸெல் ஷீட் என்றால் ஒன்பது பேர் 'சக ஊழியர் முழு உதவி'. அந்த சக ஊழியர் லீவு என்றால் அன்று கம்பெனிக்கே லீவு. 'எனக்குத் தெரியலை' என்று சொல்ல மட்டும் ஒருத்தருக்கும் வாய் வராது. பதினைந்து வருஷப் படிப்பில் நாங்கள் உருப்படியாகக் கற்றது, தெரியாததைத் தெரிந்தமாதிரி தலையாட்டுவது!

கிளம்பும்போது பாயிலிருந்து ஒரு வாண்டு கேட்டது. "அங்கிள், நீங்க அரும்பா, மொட்டா?"

பெரிய டீச்சர் முன்னால் பொய் சொல்ல முடியவில்லை. "அரும்புதாம்மா."

"பரவால்ல, வந்துரும்" என்றது ஆறுதலாக.

அன்று ராத்திரி மகளிடம், 'இன்னிக்கு எவ்வளவு மார்க்?' என்ற வழக்கமான கேள்வியை விட்டுவிட்டு, "இன்னிக்கு என்ன புரியலை?" என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருக்க வேண்டும். ரொம்ப நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள்.

"கழித்தல்ல கடன் வாங்கறதுப்பா. திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் பீரியட் மேத்ஸ். தெரியலைன்னா எழுந்து நிக்கணும். எல்லாரும் பாப்பாங்க."

ஓமத் தண்ணீர் ஏன் வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

புளியங்கொட்டையைக் கொட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். பத்துப் பத்தாகக் குவித்து, ஒரு குவியலைக் கலைத்து, கடன் வாங்கினோம். கடன் வாங்குவதில் அப்பாவுக்கு உள்ள அனுபவம் சும்மாவா? இருபது நிமிஷத்தில் வந்துவிட்டது. அடுத்த வாரம் அவள் டீச்சரையும் போய்ப் பார்த்தேன். 'நிற்க வைக்காமல் சொல்லிக் கொடுங்கள்' என்று கேட்டேன். 'பார்க்கலாம் சார்' என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதே சூட்டில் ஆபீசிலும் துணிந்தேன். வெள்ளிக்கிழமை மேனேஜர் ஒரு ரிப்போர்ட்டைக் காட்டி, "புரியுதில்ல?" என்றார். பத்துத் தலைகள் ஆடின. நான் மட்டும், "எனக்குத் தெரியலை சார்" என்றேன். எல்லோரும் பார்த்தார்கள். "திங்கக்கிழமை காலைல என் கேபினுக்கு வாங்க" என்றார்.

இந்தத் திங்கட்கிழமை மகள் வேனில் ஏறிக் கையாட்டிவிட்டுப் போனாள்.

எனக்குத்தான் காலையிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது.