பொத்தான் நோயாளியின் கையிலேயே இருக்கட்டும்

சத்திரசிகிச்சை முடிந்து கட்டிலிற் கிடக்கும்போது, "நோவு இருக்கிறதா?" எனத் தாதி வினவினால், பற்களைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் அசைக்கும் எம் முதியவர்கள் பலரை நாம் கண்டிருக்கிறோம். அந்தத் தலையசைப்பை இங்குள்ள தாதி எவ்வாறு விளங்கிக்கொள்வார் என்பது வேறு விடயம்.

முன்னைய நடைமுறையில் நோயாளி வாய்திறந்து கேட்கவேண்டும். தாதி வந்து தசையில் மோர்பின் ஊசி ஏற்றவேண்டும். அது வேலை செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டும். மருந்து மிகும்போது உறக்கமும் குறையும்போது வேதனையுமாகவே நாள் கழியும். பிரித்தானியாவில் சத்திரசிகிச்சை நிபுணர்களினதும் மயக்கமருந்து நிபுணர்களினதும் கல்லூரிகள் இணைந்து 1990இல் வெளியிட்ட அறிக்கை இவ்வழக்கம் போதாதெனக் கண்டித்து, வலிநீக்கத்திற்கெனத் தனிக்குழுக்கள் அமைக்குமாறு கோரியது.

நோயாளி தாமே இயக்கும் மருந்துப் பம்பி பின்னர் பரவலாயிற்று. பொத்தானை அழுத்தினால் வழக்கமாக 1 மில்லிகிராம் மோர்பின் நாளத்தினூடாகச் செல்லும். அடுத்த 5 நிமிடங்களுக்கு எத்தனை முறை அழுத்தினாலும் இயந்திரம் இணங்காது. 49 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2015ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பீட்டின்படி, பழைய முறைகளிலும் பார்க்க இதில் வலி 100 புள்ளி அளவையில் ஏறத்தாழ 9 புள்ளிகள் குறைந்தது. நோயாளரின் மனநிறைவு கூடியது. மருந்தின் அளவும் உடல் அரிப்பும்கூடச் சற்றுக் கூடின. இதனைப் பெரும் புரட்சி என்பதற்கில்லை. பெரிய வயிற்றுச் சத்திரசிகிச்சைகளின் பின்னர், முள்ளந்தண்டினருகே வைக்கப்படும் மெல்லிய குழாய்வழி மருந்து செலுத்துவது பெரும்பாலும் இதனிலும் மேலான நிவாரணம் தரும். ஆனால் இரத்த அழுத்தம் வீழக்கூடுமாதலால் அதற்குக் கூடிய கண்காணிப்பு வேண்டும்.

எமது கவலை அந்தப் பொத்தானைப் பற்றியதே. மருந்து மிகுந்தால் நோயாளி உறங்கிவிடுவார். உறங்குபவர் பொத்தானை அழுத்தார். பம்பியின் தலையாய பாதுகாப்பு இதுவே. தந்தை முனகுகிறாரே என்று மகனோ மகளோ அன்பு மேலீட்டால் அழுத்தும்போது இக்காவல் தகர்ந்து, மூச்சு மந்தித்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். அமெரிக்காவில் வைத்தியசாலைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு, பிறர் அழுத்துவதன் ஆபத்தை 2004இலேயே எச்சரித்தது. கட்டிலருகே இருப்பவர் அழுத்தவேண்டியது தாதியை அழைக்கும் மணியையே.

மாறாக, "அது அபின் மருந்து, பழகிவிடும்" என்று தாயைத் தடுப்போரும் உளர். சத்திரசிகிச்சையின் பின் ஓரிரு நாட்கள் கண்காணிப்பிற் பெறும் மருந்துக்கு ஒருவர் அடிமையாவது அரிது. வலியினால் இருமவும் ஆழமாக மூச்செடுக்கவும் இயலாதவருக்கோ நுரையீரலிற் கிருமித்தொற்று ஏற்படும் ஆபத்து மெய்யானது.

இவற்றையெல்லாம் சத்திரசிகிச்சைக்கு முன்னரே, மயக்கம் கலையாத கண்களுக்கல்ல, தெளிந்த செவிகளுக்குத் தமிழில் விளக்கவேண்டும். பத்து வயதுப் பேரப்பிள்ளையை இடையில் நிறுத்தி மொழிபெயர்க்கச் செய்வது அக்குழந்தைக்கும் நோயாளிக்கும் இழைக்கும் அநீதி. திகதி குறிக்கப்பட்ட அன்றே, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்குசெய்து தருமாறு வைத்தியசாலையிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.