பூட்டின ஆபீஸில் யார் பேசினார்கள்?

"லைன் போதவில்லை, பெரிய லைன் வாங்குங்கள்." கம்ப்யூட்டர் விற்பவர்கள் அன்றும் இன்றும் பாடும் பல்லவி இது. முப்பது வருஷமாக எனக்கு இதில் சம்மதமில்லை.

1990-களின் பிற்பாதியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் (பெயர் வேண்டாமே) சென்னை, கோவைக் கிளைகளை ரவுட்டர் வைத்து ஐ.எஸ்.டி.என். லைனில் இணைத்தார்கள். வேலை இருந்தால் ரவுட்டரே டயல் செய்யும், முடிந்ததும் துண்டித்துவிடும். காசு மிச்சம் என்றார்கள். எஸ்.டி.டி. கால் கட்டணத்துக்காக மேற்கு மாம்பலத்து பூத்களில் நாமெல்லாம் ராத்திரி வரிசையில் நின்ற காலம் அல்லவா!

பில் வந்தது. பூட்டிக் கிடந்த ஞாயிற்றுக்கிழமைகளில்கூட மணிக்கணக்கில் அழைப்பு. பழி யார் மேல்? ராத்திரி வாட்ச்மேன் மேல்தான். பாவம், அவருக்கு கோவையில் உறவு என்று யாருமே கிடையாது.

உண்மையில் பேசியது ரவுட்டர்தான். 'ரிப்' என்ற முறையில் ரவுட்டர்கள் 30 விநாடிக்கு ஒரு தடவை தங்கள் வழிப்பட்டியலை ஒன்றுக்கொன்று ஒப்பிக்கும். ஐ.பி.எக்ஸ். நெட்வொர்க் என்றால் சர்வர்களும் 60 விநாடிக்கு ஒரு முறை "நான் இருக்கிறேன்" என்று தண்டோரா போடும். ஒரே கட்டடத்துக்குள் இதனால் நஷ்டமில்லை. டயல்-அப்பிலோ, 2 நிமிஷம் சும்மா இருந்தால்தான் லைன் துண்டிக்கும் என்று வைத்திருக்கும்போது, அரை நிமிஷத்துக்கு ஒரு ஒப்பித்தல் போனால் அது எப்போது துண்டிக்கும்?

மருந்தும் ஒன்றும் மலையேறிக் கொண்டுவர வேண்டியதில்லை. ஒரே வாசல் உள்ள வீட்டில் வாசல் எங்கே என்று எதற்கு விசாரிக்க வேண்டும்? வழியை நிரந்தரமாக எழுதி வைத்தால் போதும். எந்தச் செய்திக்காக டயல் செய்யலாம், எதற்குக் கூடாது என்று ரவுட்டரிலேயே பட்டியல் போடலாம். "இருக்கிறாயா?" என்று சர்வர் கேட்டால், பக்கத்து வீட்டு மாமி தபால்காரருக்குப் பதில் சொல்வது மாதிரி உள்ளூர் ரவுட்டரே "இருக்கிறார்" என்று சொல்லிவிடும். மாறுதல் இருந்தால் மட்டும் சொன்னால் போதும் என்று 1994-லேயே ஆர்.எஃப்.சி. 1582 என்ற ஆவணம் வந்துவிட்டது. யாராவது படித்தால்தானே!

லைன் போட்டுக் கொடுத்தவர்களோ லீஸ்டு லைனுக்கு கொட்டேஷன் நீட்டினார்கள். நாங்கள் வாங்கவில்லை. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு வரி மாற்றி எழுதினோம். அடுத்த பில்லில் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு ஒன்றுகூட இல்லை.

வாட்ச்மேனிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.