குறி தமிழ், தீர்ப்பு எம்மொழி?

ஒருவன் வேண்டும் உரிமையை மறுப்போர், அம்மறுப்பின் கரணியத்தை அவனுக்கு விளங்குமாறு கூறுதல் முறைமையின் முதற்படியாகும். விளங்கா மொழியிற் கூறிய கரணியம் கூறாக் கரணியமே. இவ்வுண்மையை நாம் உணர, வணிகக்குறிப் பதிவகத்தின் நடைமுறை ஒன்றே போதும்.

தாம் ஆட்டும் எண்ணெய்க்குத் தூய தமிழ்ப்பெயர் சூட்டிய சிறுவணிகர் ஒருவர், அதனைப் பதிய வேண்டுகின்றார் எனக் கொள்வோம். தமிழகத்திற்குரிய பதிவகக் கிளை சென்னையில்தான் உள்ளது. ஆயினும் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, அங்குக் கொடுக்கும் தாள்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும். குறியிலுள்ள தமிழ்ச்சொல்லின் ஒலிப்பையும் பொருளையும்கூட அவ்விரு மொழிகளுள் ஒன்றிற் பெயர்த்துத் தரல் வேண்டும். சென்னையில் தமிழ்ச்சொல்லுக்குப் பிறமொழியிற் பொருள் கூறும் நிலையை என்னென்பது!

பதிவகம் தடை எழுப்பின், ஒரு திங்களுக்குள் மறுமொழி தரவேண்டும். அது நிறைவளிக்காவிடின் உசாவல் நிகழும். அதன்பின் பதிவாளர் வேண்டுகையை ஏற்கலாம், கட்டுப்பாட்டுடன் ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறுப்பினும் கட்டுப்பாடு விதிப்பினும், அதற்குரிய கரணியங்களையும் முடிவுக்கு அடிப்படையாய் அமைந்த சான்றுகளையும் எழுத்திற் பதிதல் வேண்டுமென 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 18ஆம் பிரிவு கட்டளையிடுகின்றது. கரணியம் கூறாது வெறுமனே மறுத்த ஆணைகளை உயர் வழக்குமன்றங்கள் பலமுறை நீக்கி, மீண்டும் உசாவுமாறு திருப்பியுள்ளன. நல்ல சட்டமே! ஆனால், தமிழ் மட்டுமே அறிந்த வணிகருக்கு அவ்வாணையால் விளைவது என்ன?

ஆணை அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று திங்களுக்குள் மேன்முறையீடு செய்யவேண்டும் என்பது 91ஆம் பிரிவு. தக்க கரணியம் காட்டினாலன்றிக் காலத்தாழ்வு பொறுக்கப்படாது. பதிவாளரிடமே மறு ஆய்வு வேண்டுவதாயின், முதற்கண் கிடைப்பது ஒரு திங்களே. ஆணையைப் படித்துப் பொருள் சொல்ல ஆள் தேடுவதிலேயே நாள்கள் கழியும். உரிமையும் உடன் கழியும்.

2003 முதல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுச்சொத்து மேன்முறையீட்டு வாரியம் இம்முறையீடுகளைக் கேட்டுவந்தது. 2021இல் அது கலைக்கப்பட்டபின், அவை உயர் வழக்குமன்றத்திற்கே செல்கின்றன. அங்கோ ஆங்கிலமே வழக்குமொழி. ஆளுநர், குடியரசுத் தலைவரின் முன்னொப்புதலுடன், மாநில மொழிக்கு இடந்தரலாம் என்கின்றது அரசியலமைப்புச் சட்டத்தின் 348ஆம் உறுப்பு. அவ்வழியே இராசசுத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர் வழக்குமன்றங்களில் இந்தி இடம்பெற்றது. தமிழுக்கு அவ்விடம் வேண்டி 2006இல் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானமோ ஒப்புதல் பெற்றிலது. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு மட்டும் அடைபட்டதேன்?

தமிழன்பர்களே! நாம் வேண்டுவது அருட்கொடையன்று, உரிமை. தமிழகத்தார்க்கு விடுக்கும் ஒவ்வோர் ஆணையுடனும் தமிழ்ப்படி ஒன்று இணைதல் வேண்டும். அப்படி கைவந்த நாளே மேன்முறையீட்டுக் காலத்தின் முதல் நாளாதல் வேண்டும். பதிவகத்தில் தமிழ்த் தாள்களும் ஏற்கப்படல் வேண்டும்.

அந்நாள் வரும்வரை, தமிழ்ப்பெயர் சூட்டும் வணிகர் விழிப்புடன் இருப்பாராக. ஆணை வந்த நாளைக் குறித்து வைக்க. கரணியம் கூறப்பட்டுள்ளதா என உடனே அறிந்தவரைக் கொண்டு பார்க்க. மூன்று திங்கட் கெடுவை மறவற்க. ஊர்தோறும் உள்ள தமிழறிந்த வழக்கறிஞர் அவர்க்குத் துணைநிற்க. தமிழ்ப்பெயர் சூட்டுமாறு வணிகரை வேண்டிய நாம், அப்பெயர்க்கு இடர் வருங்கால் அவரைத் தனியே விடுதல் தகுமோ?