சிலிப்பைக் காட்டினால் கீபோர்ட்டைக் குடுக்கிறதோ?

"என்ன தம்பி, எங்களில நம்பிக்கை இல்லையோ?"

என்ர பழைய யமஹா கீபோர்ட்டை வாங்க வந்தவர் வாசலில நிண்டு கேட்ட கேள்வி இது. அவற்ற போனில ஒரு வங்கிச் சிலிப்பின்ர படம். காசு போட்டாச்சாம், வெள்ளிக்கிழமை எண்டதால திங்கள்தான் விழுமாம், ஆட்டோக்காரன் வேற அவசரப்படுத்திறானாம். என்ர கணக்கில ஒரு சதமும் இல்லை. "விழட்டும் அண்ணை, பிறகு வந்து எடுங்கோ" எண்டன். முகம் கறுத்துப் போச்சு. அதைவிட, உள்ளுக்கிருந்து அம்மா: "வீடு தேடி வந்த சனத்தோட இப்பிடியே கதைக்கிறது?"

திங்களும் வந்தது. காசு வரேல்லை.

இணையத்தில கிட்டார், அம்ப் விக்கிற எங்கட பொடியள் ஏமாறுறது இந்த வெட்கத்தாலதான். செஃப்ட் முறையில அனுப்பின காசு நிமிசக் கணக்கில விழும், சனி ஞாயிறும் விழும் எண்டு எங்களுக்குத் தெரியும். காசோலையை மெசினில போட்டாலும் சிலிப் வரும், அந்தக் காசோலை பிறகு திரும்பவும் கூடும் எண்டும் தெரியும். காசு வாங்கிறதுக்கு ஓடிபி தேவையில்லை எண்டதும் தெரியும். தெரிஞ்சும், முகத்துக்கு நேர "பொறுங்கோ, பாத்திட்டுத் தாறன்" எண்டு சொல்ல வாய் வராது. கள்ளனுக்கு அது காணும்.

பெரியாக்கள் சொல்லுற மருந்து, "தெரிஞ்ச ஆக்களுக்கே வில்." நல்ல பகிடி. என்ர முதல் கிட்டாரைத் தெரிஞ்ச அண்ணை ஒருத்தர்தான் கொண்டுபோனவர். பாதிக் காசு இன்னும் "வாற மாசம்." தெரியாதவனிட்டயாவது முழுக்காசையும் கேக்கலாம்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டினபிறகு புதுசு வாங்கிறது எங்கட கைக்கு எட்டாத விசயமாப் போச்சு. பழசுகளை ஆளாளுக்குள்ள மாத்தித்தான் இஞ்ச கனபேர் வாசிக்கப் பழகினம். அந்தச் சந்தையை "ஒண்லைன் எல்லாம் களவு" எண்டு பூட்டச் சொல்லுறவை, வாசிக்காதேங்கோ எண்டுதான் சொல்லினம்.

பொம்பிளைப் பிள்ளையளுக்குக் கதை இன்னும் வேற. வயலின் விக்க நம்பரைப் போட்ட ஒரு தோழிக்கு இரவு பன்னிரண்டு மணிக்கும் அழைப்பு. வயலினைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை. அவவுக்கு "கவனமா இரு" எண்டு சொன்ன ஆக்கள், கூட ஒருக்காப் போய் நிண்டிருக்கலாம். பகலில, சனம் நடமாடுற இடத்தில, பிளக் பொயின்ற் இருக்கிற கடையொண்டில சந்திக்க ரெண்டு பேர் துணைக்குப் போறது பெரிய வேலையில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கு, தண்டனைச் சட்டக்கோவையில ஏமாற்றலும் குற்றம்தான். ஆனா பொலிசுக்குப் போகேக்க கையில என்ன இருக்கு? சீரியல் நம்பரைப் படமெடுத்தனீங்களோ? கதைச்ச மெசேச்சுகளை அழிச்சுப்போட்டியளோ? விக்கிறதுக்கு முதல் ஐஞ்சு நிமிசம் செலவழிச்சா முடிஞ்சிது.

என்ர கீபோர்ட் கடைசியா, கிளிநொச்சியிலிருந்து தமையனோட பஸ்ஸில வந்த ஒரு பிள்ளையிட்டப் போனது. முன்பின் தெரியாது. வந்ததும் சீரியல் நம்பரைப் பாத்தா, வாங்கின பில்லைக் கேட்டா, அறுபத்தொரு கட்டையையும் ஒவ்வொண்டா அமத்திப் பாத்தா. நானும் அவவுக்கு முன்னாலேயே கணக்கைத் திறந்து காசு விழுந்திட்டுதோ எண்டு பாத்தன். ரெண்டு பேருக்கும் கோவம் வரேல்லை. அம்மா தேத்தண்ணி ஊத்திக் குடுத்தா.