பெயர் மறந்த கிதார் கலைஞரும் தயாராக இருக்கும் பெயர்களும்

1970களின் தொடக்கத்தில் தென் கொல்கத்தாவின் ஒரு துர்கா பூஜைப் பந்தலில் கேட்ட இசையை, இன்று அறுபதைக் கடந்துவிட்ட ஒருவர் நினைவுகூர்கிறார். மேடையில் ஒல்லியான மனிதர். கால்கள் பொருத்திய பலகை போன்றதொரு கருவி. இடக்கையில் எஃகுத் துண்டு. வலக்கால் ஒரு மிதியின் மேல். முதலில் ரவீந்திர சங்கீதம், பிறகு இந்தித் திரைப்பாடல்கள். அறிவிப்பாளர் பெயரைச் சொன்னார். அது மட்டும் நினைவில் நிற்கவில்லை. 'அந்தப் பகுதிக்காரர், பெடல் ஸ்டீல் கிதார் வாசித்தவர்' என்பதே எஞ்சியிருக்கும் அடையாளம்.

இத்தகைய நினைவு பொதுவெளிக்கு வந்ததும் வழக்கமாக நிகழ்வது ஒன்றுண்டு. சுனில் கங்குலியாக இருக்கும் என்பார் ஒருவர். பட்டுக் நந்தி என்பார் மற்றொருவர். கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தரின் பெயரும் தவறாமல் வரும். நினைவுகூர்ந்தவர் சற்றுத் தயங்கி, 'இருக்கலாம்' என்பார். தேடல் அங்கேயே முடிந்துவிடும். பெயர் கிடைக்காமற்போவதைவிட இதுவே பெரிய இழப்பு. இசைத்தட்டுகளில் பெயர் அச்சான சிலரின் புகழுக்குள், அச்சாகாத பலரின் வாசிப்பு கரைந்துபோகிறது. விடை கிடைக்காத கேள்வியை அடுத்த ஆய்வாளர் எடுத்துக்கொள்ள முடியும். தவறான விடை பெற்ற கேள்வியை எவரும் மீண்டும் திறப்பதில்லை.

முதலில் ஐயுறவேண்டியது பெயரை அன்று; கருவியை. பெடல் ஸ்டீல் பெரும்பாலும் பத்துத் தந்திகள் கொண்டது. மிதிகளும் முழங்கால் நெம்புகோல்களும் குறிப்பிட்ட தந்திகளின் சுருதியை மட்டும் மாற்றும். ஒரு சுரம் அசையாது நிற்க, மற்றொன்று அதனுள்ளிருந்து வளைந்து எழும். 1954இல் வெளிவந்த வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாடலில் பட் ஐசக்ஸ் வாசித்த பிறகே அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையில் இவ்வொலி பரவியது. கொல்கத்தா மேடைகளில் ஒலித்தது பெரும்பாலும் மின்சார ஹவாயன் கிதார். அதன் வாசிப்பு குரலைப் பின்தொடரும் ஒற்றை இழை. பாடகரின் மீண்டை எஃகுத் துண்டின் நகர்வால் பெறுவது. அக்கலைஞர்களின் காலடியில் இருந்த மிதி பெரும்பாலும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடலாகவே இருந்திருக்கும். 'பெடல் ஸ்டீல்' என்னும் சொல், பிற்காலத்தில் காணொலிகளைப் பார்த்த பின் பழைய நினைவின்மீது ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். ஆகவே நினைவுகூர்பவரிடம் கேட்கவேண்டிய கேள்வி எளியது: ஒரு ஒலி நிற்க இன்னொரு ஒலி வளைந்ததா, அல்லது முழு ஒலியும் சேர்ந்து வழுக்கிச் சென்றதா? இதற்குக் கிடைக்கும் விடை, அவர் சொல்லும் கருவியின் பெயரைக் காட்டிலும் நம்பத்தக்கது.

இதோடு தொடர்புடைய சொற்சிக்கல் ஒன்று ஆவணங்களிலும் உண்டு. அக்கால வங்காளத்தில் 'கிதார்' என்று மட்டும் சொன்னால் அது ஹவாயன் கிதாரையே குறித்தது. மற்றதற்குத்தான் 'ஸ்பானிஷ்' என்னும் அடைமொழி தேவைப்பட்டது. 'ஸ்டீல்' என்ற சொல்லைத் தேடி அட்டவணைகளைப் புரட்டும் மாணவர் வெறுங்கையுடன் திரும்புவதில் வியப்பில்லை.

அந்த மனிதரைப் போன்றோர் எத்தனைபேர் இருந்திருப்பர் என்பதை வரலாறு ஓரளவு உணர்த்துகிறது. 1919இல் எர்னெஸ்ட் காயின் ஹவாய்க் குழு இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தது. 1940களில் தாவு மோ குடும்பத்துடன் கொல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்பித்தார். கார்னி நிஸ்ஸும் அவருடைய அலோஹா பாய்ஸ் குழுவும் வானொலியிலும் இசைத்தட்டிலும் ஒலித்தனர். பின்னர் இக்கருவி நடுத்தர வகுப்பு வீடுகளுக்குள் புகுந்தது. பிள்ளைகள் ஆர்மோனியத்தைப்போலவே இதையும் வீட்டிலமர்ந்து கற்றனர். கற்பித்த ஆசிரியர்களுள் மிகப் பெரும்பாலோர் இசைத்தட்டு வெளியிட்டவர்கள் அல்லர். அவர்கள் பந்தலில் வாசித்தனர், திருமண வரவேற்பில் வாசித்தனர், ஞாயிறு காலைகளில் பாடம் எடுத்தனர்.

எனவே இசைத்தட்டுப் பட்டியலில் தொடங்கும் ஆய்வு, இவர்களைக் காணாமலே முடியும். வானொலி நிலையத்தின் வங்க மொழி நிகழ்ச்சி இதழான 'பேதார் ஜகத்' 1929 முதல் வெளிவந்தது. நாள்தோறும் யார், எப்போது, எதை வாசித்தார் என்ற நிரல் அதில் உண்டு. தட்டு வெளியிடாதவர்களும் வானொலியில் கால்மணி நேரம் பெற்றிருக்கக்கூடும். பூஜைக் குழுக்களின் நினைவு மலர்கள், லால்பஜார் அருகே ரவீந்திர சரணியில் உள்ள இசைக்கருவிக் கடைகள், தந்தி மாற்றிக்கொடுத்த கைவினைஞர்கள் ஆகியவை நம் பல்கலைக்கழகங்கள் சான்றாகக் கருதத் தயங்கும் இடங்கள். நினைவு மலரின் பின்பக்கத்து நன்றியுரையை அடிக்குறிப்பில் சேர்க்க அனுமதிக்காத நெறியாளர்களும் இருக்கிறார்கள். அந்தக் கறாரே, பிரபலப் பெயர் ஒன்று ஊகமாக வரும்போது மட்டும் ஏன் தளர்கிறது என்பது கேட்கப்படவேண்டியது.

இக்கருவியின் தோற்றக் கதையிலேயே இதே சிக்கல் இருக்கிறது. ஸ்டீல் கிதாரைக் கண்டறிந்தவராக ஹவாயின் ஜோசப் கெகுகு பொதுவாக ஏற்கப்படுகிறார். ஆனால் இந்தியாவில் பிறந்து, கப்பலில் ஹவாய்க்குக் கொண்டுசெல்லப்பட்ட கேப்ரியல் டேவியன் என்பவர் 1880களிலேயே தந்திமேல் பொருளொன்றை வழுக்கி வாசித்ததாக, இசையமைப்பாளர் சார்ல்ஸ் கிங் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அந்த ஒரு நினைவைப் பற்றிக்கொண்டு, கோட்டுவாத்தியம், விசித்திர வீணை வழியாக இந்தியாவுக்கு உரிமை கோருவோர் உண்டு. நாட்டுப் பெருமைக்கு உதவுமிடத்தில் அரைகுறை நினைவு வரலாறாகிவிடுகிறது. பூஜைப் பந்தலில் வாசித்தவருக்கு அந்தச் சலுகை இல்லை.

தென் கொல்கத்தாவின் அந்த நினைவில் இன்னும் ஒரு விவரம் உண்டு. மேடையோரம் நான்கைந்து சிறுவர்கள் அமர்ந்து, வாசிப்பவரின் இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவர்கள் அவருடைய மாணவர்களாக இருந்தால், இன்று அறுபதுகளின் பிற்பகுதியில் இருப்பார்கள். அவர்களைத் தேடிச் செல்ல இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. அதுவரை அட்டவணையில் அந்த வரிக்கு நேரே 'பெயர் அறியப்படவில்லை' என்றே இருக்கட்டும்.