வர்க்கமூலம் காணும் வழி

2209 சதுர அடிப் பரப்புள்ள சதுரக் காணிக்கு வேலி அடைக்க வேண்டும். பக்கத்தின் நீளம் யாது? வகுத்தல் முறையால் வர்க்கமூலம் காண்போம்.

வலப்புறமிருந்து இலக்கங்களைச் சோடிகளாகப் பிரியுங்கள்: 22, 09. 22இல் அடங்கும் பெரிய வர்க்கம் 16; அதன் மூலம் 4. மீதி 6, அடுத்த சோடியை இறக்க 609. நாலை இரட்டித்து 8 என எழுதுக. அதன் வலப்பால் ஓர் இலக்கத்தை இட்டு, அவ்விலக்கத்தாலேயே பெருக்குக, 609ஐ மிஞ்சலாகாது. 87ஐ 7ஆற் பெருக்க 609. மீதியில்லை, விடை 47 அடி.

இரட்டிப்பது ஏன்? காணியில் 40 அடிச் சதுரத்தை நீக்கினால், எஞ்சுவன 40 அடி நீளமும் 7 அடி அகலமுமான இரு துண்டுகளும், மூலையில் 7 அடிச் சதுரமுமே. துண்டுகள் இரண்டாதலின் இரட்டித்தோம். காரணம் அறிந்தார்க்கு விதி மறவாது. 5329க்கு நீங்களே கண்டு பாருங்கள்!